வட்டக் குழி, நட்சத்திரக் கட்டை

இத்தனை பேரா. காலையில் என் மகள் வாணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது மனத்தில் வந்தது இந்த இரண்டு சொற்கள்தான். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் அவையேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தனை பேரா. ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகள் முகாம் நடக்கும் இந்தக் கூடம் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கிறது, ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. சக்கர நாற்காலிகள் சுவர் ஓரமாக வரிசையாக நிற்கின்றன. மீசை வைத்த ஓர் ஆளை அவர் தம்பி போல இருக்கும் ஒருவர் முதுகில் சுமந்து வந்து, சாமியை இறக்குவது போல மெதுவாக இறக்கி வைக்கிறார். கண் தெரியாத கணவனும் மனைவியும் ஒருவர் தோளை ஒருவர் தொட்டபடி எதற்கோ சிரிக்கிறார்கள். கைகளாலேயே பேசிக்கொள்ளும் நான்கு பெண்களில் ஒருத்தி மற்ற மூவரையும் கைகளாலேயே அதட்டுகிறாள். எங்கள் தெருவில் நாற்பது வீடுகள். நாற்பதிலும் என் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று பத்தொன்பது வருஷம் நினைத்திருந்தேன். ஊருக்கு ஒரு வீடு, தெருவுக்கு ஒரு வீடு என்று பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரையும் யாரோ ஒரே நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது போல இருக்கிறது. அதோ, எனக்கு எதிர் வரிசையில் ஓர் அம்மா தன் மகனைப் பிடித்திருக்கிறாள். உள்ளங்கையைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை மாட்டி, கட்டைவிரலை மேலே வைத்துப் பிடித்திருக்கிறாள். உள்ளங்கையைப் பிடித்தால் வியர்வையில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள், முழங்கையைப் பிடித்தால் வலித்துக் கத்துவார்கள், மணிக்கட்டில் இரண்டு விரல்தான் சரி. அதை நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அவள் பார்வை என் விரல்களுக்கு வந்தது, பிறகு என் முகத்துக்கு வந்தது. நாங்கள் சிரித்துக்கொள்ளவில்லை. ஆனால் என் உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது.

எங்கள் எண் அறுபத்து நான்கு. உள்ளே போயிருப்பது நாற்பத்தொன்று. சென்னையில் எங்கேயோ ஓர் அறையில், நான் முகம் பார்க்கப்போகாத ஒருவர், என் மகளைப் போல ஒருத்தி எங்கேயாவது இருப்பாள் என்று நினைத்திருக்கிறார். நினைத்ததோடு விடாமல் அதை ஒரு தாளில் ஒரு வரியாக எழுதியிருக்கிறார். மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை. என் சொந்த அண்ணன் நினைக்கவில்லை. வாணியின் அப்பா நினைக்கவில்லை, அவளுக்கு நான்கு வயதானபோது பல்லடத்தில் வேலை இருக்கிறது என்று போனவர்தான். முகம் தெரியாத யாரோ நினைத்திருக்கிறார். அதை யோசித்தால் கோயில் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போலக் கழுத்து நோகிறது. ஆனால் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது, லேசான குறைபாட்டுக்கு இது கிடையாது என்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இருபது பேர்கூட வராத ஒரு சின்ன முகாமில் வாணியைச் சோதித்த டாக்டர், 'லேசான அறிவுத்திறன் குறைபாடு' என்று எழுதினார். லேசான என்று எழுதியிருந்ததால் மனு திரும்பி வந்துவிட்டது. லேசான. அந்தச் சொல்லை நான் ஐந்து வருஷமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். லேசான தூறல். லேசான காய்ச்சல். காலை ஏழரைக்கு நான் பனியன் கம்பெனிக்குப் போகும்போது வெளியில் பூட்டுப் போடுகிறேனே, அது லேசான பூட்டா? பத்தொன்பது வயதுப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் தெருமுனை திரும்பும் வரை பார்க்கிறாளே, அது லேசான பார்வையா? முன்பு பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம் இருந்தது, மதியம் எட்டிப் பார்த்துச் சோறு போட்டுவிடுவார்கள். போன ஆடியில் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். அதிலிருந்து பூட்டு. பூட்டிய வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி வந்ததும் நான் எண்ணத்தை வேறு பக்கம் திருப்புவேன், அது சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கும். கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. பனியனை விளக்கின் கீழே விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டும்போதெல்லாம் பூட்டு ஞாபகம்தான். உதவித்தொகை மட்டும் கிடைத்தால் கம்பெனியை விட்டுவிட்டு, பிசிறு நூல் வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கி வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவுதான் வேண்டும். அதற்கு டாக்டர் லேசான என்று எழுதக் கூடாது. அடுத்த படி, 'மிதமான' என்று எழுத வேண்டும். இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு கதவு.

போன தடவை என்ன தவறு செய்தேன் என்று எனக்குத் தெரியும். வாணிக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்கு நல்ல சட்டை போட்டு, தலை பின்னி, அவள் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று டாக்டர் பார்த்து மெச்சட்டும் என்று கூட்டிப் போனேன். மெச்சினார். "நல்லாப் பழக்கியிருக்கீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே லேசான என்று எழுதினார். சட்டைப் பொத்தான் போட அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆயின. முதலில் இருந்து ஆரம்பித்தால் வரவே வராது. கடைசியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். பொத்தானை நான் துளைக்குள் முக்கால்வாசி நுழைத்து வைப்பேன், கடைசி இழுப்பை மட்டும் அவள் இழுப்பாள். இழுத்ததும் முடிந்துவிட்டது, அவளே போட்டுவிட்டாள், கை தட்டுவேன். அது வந்த பிறகு பாதி நுழைத்து வைப்பேன். அதுவும் வந்த பிறகு துளையை மட்டும் விரித்துப் பிடிப்பேன். இப்படியே பின்னாலேயே நடந்து நடந்து, ஒரு நாள் நான் எதையுமே பிடிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அவள் ஐந்து பொத்தானையும் போட்டாள். முதல் பொத்தானில் இருந்து அல்ல, கீழே இருந்து மேலே. இன்றைக்கும் அப்படித்தான் போடுவாள். போட்டிருப்பாள். போன பத்து நாளாக நான்தான் போட்டுவிடுகிறேன். முகாம் தேதி வந்த அன்றில் இருந்து. வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வந்து தெரியாத மாதிரி இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது. கையால்தான் சொன்னேன். பொத்தானுக்கு அவள் கை போனால் தட்டிவிட்டு நானே போட்டேன். தட்டில் அவள் பிசையப் போனால் நானே பிசைந்தேன். கரண்டியை வாங்கிக்கொண்டேன், சீப்பை வாங்கிக்கொண்டேன். முதல் மூன்று நாள் "நானு, நானு" என்று சண்டை போட்டாள். நாலாம் நாள் என்னை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் சண்டை போடவில்லை. இன்று காலை நான் சட்டையை எடுப்பதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள், பொம்மை போல. பதினான்கு மாதம் வந்த வழியைப் பத்து நாளில் திரும்பிப் போய்விட முடியுமா? போய்விட்டாளா? கெட்டுப் போகட்டும் என்றுதானே செய்தேன், கெட்டுப்போய்விட்டதோ என்று ஏன் பயப்படுகிறேன்?

"ஏனம்மிணி, உன்ற புள்ளைக்கு என்ன?" பக்கத்து நாற்காலி அம்மா கேட்கிறாள். அவளுடைய கணவருக்கு வாதம், ஒரு பக்கம் வாய் கோணியிருக்கிறது. வந்ததில் இருந்து அவர் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டும் அவரைத் திட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

"மூளை வளர்ச்சி கம்மிங்க்கா."

"பாத்தா அப்படித் தெரியலையே. தலையெல்லாம் கச்சிதமா வாரி, பூ வெச்சு... நீ கெடுத்த போ. தலையக் கலைச்சு வுட்டுக் கூட்டியாந்திருக்கோணும்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "இந்தா, இவரைப் பாரு. வூட்ல கொளம்புல உப்பில்லைன்னா ஒம்பது ஊருக்குக் கேக்கறாப்ல கத்துவாரு. இங்க வந்து எப்புடி உக்காந்திருக்காரு பாரு, கோயில் காளையாட்ட."

அவர் கோணிய வாயால் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னங்க்கா சொல்றாரு?"

"கொளம்பு நல்லா வெச்சா நான் எதுக்குக் கத்தறேங்கறாரு. வாய் போயும் லொள்ளு போகுல பாரு" என்று அவர் தோளில் ஒரு குத்துக் குத்தினாள். வாணி சத்தமாகச் சிரித்தாள். குழம்பும் உப்பும் அவளுக்குப் புரிந்ததா, குத்தைப் பார்த்துச் சிரித்தாளா? இதுதான் எனக்கு எப்போதும் தெரியாது. அவளுக்குள்ளே எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நிற்கிறது என்று பத்தொன்பது வருஷமாகக் கிணற்றில் கல் போட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சில சமயம் 'ளொப்' என்று உடனே கேட்கும். சில சமயம் கேட்கவே கேட்காது. கல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மதியத்துக்கு மேல் ஒருவழியாக, அறுபத்து நான்கு, கோகிலவாணி, துளசிமணி, என்று எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். மணிக்கட்டில் இரண்டு விரலை மாட்டிக்கொண்டு எழுந்தேன். பக்கத்து அம்மா பின்னாலிருந்து, "எதுவும் தெரியாதுன்னு சொல்லிப்போடு அம்மிணி" என்றாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மேஜையில் அடுக்கடுக்காகத் தாள்கள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. போன தடவை எழுதிய சான்றிதழைப் படித்துவிட்டு ஒரு பலகையை எடுத்து வாணியின் முன்னால் வைத்தார். எனக்கு அந்தப் பலகையைத் தெரியும். பத்துக் குழிகள், பத்துக் கட்டைகள். வட்டக் கட்டை வட்டக் குழியில் உட்காரும், நட்சத்திரம் நட்சத்திரக் குழியில் உட்காரும், முக்கோணம், சதுரம், பிறை, சிலுவை, இப்படிப் பத்து. வாணி சிறப்புப் பள்ளிக்குப் போன காலத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள். "எது எதுக்குள்ள போகும்னு பாத்து வைம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாணி வட்டக் கட்டையை எடுத்தாள். அவள் கை நேராக வட்டக் குழிக்குப் போயிற்று. போய், அதற்கு மேலே நின்றது. ஒரு விரல்கடை உயரத்தில் அப்படியே நின்றது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைப் பக்கத்தில் நகர்த்தி நட்சத்திரக் குழியின் மேல் வட்டத்தை வைத்தாள். அது உள்ளே இறங்காமல் மேலேயே ஆடிக்கொண்டு நின்றது. அடுத்து நட்சத்திரத்தை எடுத்தாள். கை நட்சத்திரக் குழிப் பக்கம் போயிற்று, நின்றது, திரும்பி வட்டக் குழிக்கு வந்தது. என்னைப் பார்த்தாள். பிறையை எடுத்தாள். பிறைக்குழிக்குப் போய், நின்று, சதுரத்துக்கு. என்னைப் பார்த்தாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரிந்ததும் காதில் இரைச்சல் கேட்டது, கூடத்து இரைச்சல் இல்லை, எனக்குள்ளே ரத்தம் ஓடும் இரைச்சல். இவள் மறக்கவில்லை. பத்துக் கட்டைக்கும் பத்து இடம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சரியான இடத்துக்குப் போய், அது சரியான இடம் என்று பார்த்துக்கொண்டு, அங்கே வைக்காமல் இருக்கிறாள். பொத்தானைத் தட்டிவிட்ட என் கையை அவள் பத்து நாளாகப் படித்திருக்கிறாள். நாலாம் நாள் என்னை வெகுநேரம் பார்த்தாளே, அன்றைக்குப் படித்து முடித்திருக்கிறாள். அம்மாவுக்கு இப்போது நான் செய்தால் பிடிக்கவில்லை, செய்யாமல் இருந்தால் பிடிக்கிறது. அப்படியென்றால் செய்யாமல் இருக்கிறேன். நான் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. என் மனத்துக்குள் இருந்ததை இவள் எந்த வழியாக உள்ளே வந்து எடுத்தாள்? பொத்தான் நான் சொல்லிக்கொடுத்தது. சோறு, சீப்பு, ஒன்று இரண்டு எண்ணுவது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது, கடைசியில் இருந்து, பின்னாலேயே நடந்து. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாதது போலக் காட்ட, தெரிந்தது எது என்றும், எதிரில் இருப்பவருக்கு எது வேண்டும் என்றும், இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்க வேண்டும். கெட்டிக்காரர்களுக்கே தடுமாறும். என் மகள் முதன்முதலாக ஒரு பொய் சொல்கிறாள், கண் முன்னால், கட்டை கட்டையாக, எனக்காக. கிணற்றில் போட்ட கல் பத்தொன்பது வருஷம் போய்க்கொண்டே இருந்து இப்போதுதான் தண்ணீரைத் தொட்டது போல இருந்தது. அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருந்திருக்கிறது. பத்தாவது கட்டையையும் தப்பான இடத்தில் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். கை தட்டுவேன் என்று காத்திருந்தாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமே தெரியாதவங்ககூட ஒண்ணு ரெண்டு சரியா வெச்சுருவாங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. "இவ பத்தையும் தப்பா வெச்சிருக்கா."

அவர் பேனாவைத் தாள் மேல் வைத்தார், எழுதவில்லை. "இதையே எழுதிக்கட்டுமா? இன்னொரு தடவை வைக்கச் சொல்லட்டுமா?"

எழுதிக்கொள்ளச் சொன்னால் முடிந்தது. கதவு திறந்துவிடும். நாளையில் இருந்து பூட்டு இல்லை. வாணி இன்னும் கை தட்டலுக்குக் காத்திருக்கிறாள். நான் இப்போது தட்டினால் இதுதான் சரி என்று எடுத்துக்கொள்வாள், இனி எந்தக் கட்டையையும் எந்தக் குழியிலும் வைக்க மாட்டாள், என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே இடத்தை மாற்றுவாள். இவ்வளவு தூரம் ஓடிய அறிவை நான் பொம்மைக் கைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பூட்டு. ஜன்னல் கம்பி. தீ. பொத்தான். பூட்டு. கம்பெனியில் ஒரு துண்டுத் துணியில்கூட நான் இல்லாத ஓட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டியதில்லை.

"வெக்கட்டுங்க" என்றேன். பலகையைக் கவிழ்த்துக் கட்டைகளைக் கொட்டி நானே அவள் பக்கம் தள்ளினேன். "கண்ணு, சரியா வை சாமி. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நாலாம் நாள் பார்த்தது போலப் பார்த்தாள். அப்புறம் வைத்தாள். வட்டம், நட்சத்திரம், பிறை, டக் டக் டக் என்று மரம் மரத்தில் உட்காரும் சத்தம். நான் எண்ணுவதற்குள் பத்தும் உட்கார்ந்துவிட்டன. கை தட்டினேன். தட்டும்போதே தெரிந்தது, கதவு சாத்திக்கொண்டது என்று. டாக்டர் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், போகலாம் என்று.

"இருங்கம்மா. இந்தப் படிவத்துல பலகை ஒரு பக்கம்தான், இன்னும் அஞ்சு பக்கம் இருக்கு" என்றார் டாக்டர். பெயர், தெரு, நாள், கிழமை எல்லாம் கேட்டார். வாணிக்குக் கிழமை எப்போதும் வெள்ளிதான். பிறகு நாற்காலியை அவளுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். "வாணி, அம்மா வீட்ல இல்ல. நீ தனியா இருக்க. கதவு தொறந்திருக்கு. யாரோ ஒருத்தர் வந்து கூப்பிடறாரு. யாருன்னே உனக்குத் தெரியாது. என்ன பண்ணுவ?"

வாணி இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும், கடன்காரன் வந்தாலும், முதலில் வாங்க என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வளர்த்தவளுக்குத்தான் கெட்ட பேர்.

"வாங்க வாங்கன்னு சொல்லுவேன்" என்றாள். "உள்ள வாங்க. உக்காருங்க. தண்ணி குடுப்பேன்."

"அப்புறம் அவரு, வா வெளிய போலாம்னு கூப்பிட்டா?"

"போவேன்" என்றாள் வாணி பெருமையோடு. "செருப்புப் போட்டுட்டுப் போவேன்."

தீயைப் பற்றி மட்டும்தான் நான் இத்தனை நாள் பயந்தேன். இந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, முதலில் பக்கத்து வீடு, பிறகு பூட்டு இருந்ததால் கேட்க வேண்டி வரவில்லை. என் மனத்துக்குள் புகுந்து எடுக்கத் தெரிந்தவளுக்கு, முன்பின் தெரியாத ஆளின் மனத்தில் என்ன இருக்கும் என்று ஒரு நூல் அளவுகூடத் தெரியவில்லை. என் ஒருத்தியை மட்டும்தான் அவள் படித்திருக்கிறாள். உலகத்தில் எல்லாரும் நானே என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று வந்தது, கடலை முதன்முதலாகப் பார்த்தவளுக்கு வருமே, அது.

டாக்டர் வெகுநேரம் எழுதினார். "மிதமானன்னு எழுதறேம்மா" என்றார் தலை நிமிராமல். "கட்டைக்காக இல்ல. இந்தப் பதிலுக்காக. இந்தத் தடவை மனு திரும்பாது."

நான் கும்பிடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். வாணி என் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்தாள், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், இரண்டு கையாலும் பிடித்து மேஜைக்கு அந்தப் பக்கம் நீட்டினாள். வெளியே அறுபத்தைந்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பாட்டிலை வாங்கி, அண்ணாந்து நிதானமாகக் குடித்தார்.